கருவறை முதல் லயக் காம்பரா வரை: வளரும் நுரையீரலை உயிரோடு பார்க்கும் நுணுக்குக்காட்டி

பொகவந்தலாவையில் பொழுது புலர்வதற்கு முன்பே லயங்களின் கூரைகளுக்கு மேலே புகை எழத் தொடங்கிவிடும். பெரட்டுக்குப் போகுமுன் தேநீரும் ரொட்டியும் தயாராக வேண்டும். பல வீடுகளில் அடுப்பில் எரிவது மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய பின் காயவைத்த தேயிலைத் தண்டு. மழைக்காலத்தில் அது சரியாகக் காய்வதில்லை. ஈர மிலாறு எரிவதைவிடப் புகைவதே அதிகம். குளிருக்காகக் கதவும் சாளரமும் சாத்தியிருக்கும். அடுப்புக்கு முன்னால் ஊதுகுழலோடு குந்தியிருக்கும் தாய் சிலவேளை ஆறு மாதக் கர்ப்பிணியாக இருப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஒற்றை அறையில் மூன்று சோடி நுரையீரல்கள் இருக்கின்றன. தாயினுடையது வளர்ந்து முடிந்தது. பிள்ளையினுடையது வேகமாக வளர்ந்துகொண்டிருப்பது. வயிற்றில் இருப்பது இன்னும் காற்றையே காணாதது. அந்தப் புகையை மூன்றும் ஒரேவிதமாக எதிர்கொள்வதில்லை.

நுரையீரல் எப்படி வளர்கிறது என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக இறந்த இழையங்களை வைத்தே அறிந்துவந்தது. வெவ்வேறு வயதில் எடுக்கப்பட்ட துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்து, இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த நிலை மாறியிருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் நுரையீரல் இழையத்தை உயிரோடு வைத்து, மணிக்கணக்காக, நாட்கணக்காக நுணுக்குக்காட்டியின் கீழ் படம்பிடிக்க முடிகிறது. அதில் தெரியவந்தவை மலையகத்து லயங்களுக்கும், வன்னியில் பதுங்குகுழிகளில் பிறந்த பிள்ளைகளுக்கும் நேரடியாகப் பொருந்துபவை.

சிற்றறை என்பது என்ன?

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. இப்படி ஏறத்தாழ 23 தடவை பிரிந்த பின், மிக நுண்ணிய கிளைகளின் நுனியில் திராட்சைக் குலைபோல் சின்னஞ்சிறு காற்றறைகள் இருக்கின்றன. இவற்றையே பாடப்புத்தகங்களில் சிற்றறைகள் என்று படித்தோம். ஒரு சிற்றறையின் குறுக்களவு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். 2004 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி வளர்ந்த மனிதரின் இரு நுரையீரல்களிலும் சராசரியாக 480 மில்லியன் சிற்றறைகள் உள்ளன. அவற்றையெல்லாம் விரித்துப் பரப்பினால் நூறு சதுர மீற்றருக்கு மேல் வரும். ஒரு லயக் காம்பராவின் தரையைப் போல் பல மடங்கு பரப்பு ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் மடிந்து கிடக்கிறது.

சிற்றறையின் சுவரில் இரண்டு வகைக் கலங்கள் முக்கியமானவை. முதலாம் வகைக் கலம் தட்டையாகவும் மிக மெல்லியதாகவும் இருக்கும். அதனூடாகத்தான் ஒட்சிசன் குருதிக்குள் போகிறது. காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. இரண்டாம் வகைக் கலம் கனவடிவானது. அது சர்பெக்டன்ட் எனப்படும் வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. சிற்றறையின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருப்பதால், நீரின் பரப்பிழுவை அதைச் சுருக்கி மூடிவிடப் பார்க்கும். சவர்க்காரம் கலந்த நீர் குமிழியாக நிற்பதுபோல, சர்பெக்டன்ட் அந்த இழுவையைக் குறைத்துச் சிற்றறையைத் திறந்து வைத்திருக்கிறது. காயமோ தொற்றோ ஏற்பட்டால், பிரிந்து பெருகி முதலாம் வகைக் கலமாக மாறிச் சுவரைச் செப்பனிடுவதும் இதே இரண்டாம் வகைக் கலம்தான்.

கருவறையில் தொடங்கும் கட்டடம்

மனிதக் கருவில் நுரையீரல் நான்காம் வாரத்தில், உணவுக்குழாயின் முன்பக்கத்திலிருந்து ஒரு சிறு மொட்டாக எழுகிறது. ஏறத்தாழ 17 ஆம் வாரத்திற்குள் காற்றுக் குழாய்களின் கிளைகள் போடப்பட்டு முடிந்துவிடும். 16 முதல் 26 ஆம் வாரம் வரையில் குருதி மயிர்க்குழாய்கள் அந்தக் கிளைகளை நெருங்கிச் சூழ்கின்றன. 24 ஆம் வாரத்தை ஒட்டி இரண்டாம் வகைக் கலங்கள் சர்பெக்டன்ட் உண்டாக்கத் தொடங்குகின்றன. அதன்பின் நுனிகளில் பெரிய, எளிய பைகள் தோன்றுகின்றன. 36 ஆம் வாரமளவில்தான் அந்தப் பைகள் உண்மையான சிற்றறைகளாகப் பிரியத் தொடங்குகின்றன.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகூட சிற்றறைகளில் ஒரு சிறு பகுதியோடுதான் உலகிற்கு வருகிறது. மிகுதியானவை அது பால் குடித்து, தவழ்ந்து, நடந்து திரியும் ஆண்டுகளில் உருவாகின்றன. இதயம் பிறக்கும்போதே தன் நான்கு அறைகளோடு வருகிறது. நுரையீரலோ கட்டி முடிக்காத வீட்டில் குடியேறியதுபோல் வேலை செய்யத் தொடங்குகிறது.

தவளையில் தொடங்கிய தேடல்

உயிருள்ள நுரையீரலை உருப்பெருக்கிப் பார்க்கும் முயற்சி புதியதல்ல. 1661 இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தவளையின் நுரையீரல் மெல்லிய, ஒளி ஊடுருவும் பை என்பது அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. அதில் அவர் கண்ட நுண்குழாய்கள்தாம் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்க்குழாய்கள். குருதி சுற்றி வருகிறது என்று 1628 இல் எழுதிய வில்லியம் ஹார்வி காணாமலே விட்ட இணைப்பு அது.

முலையூட்டிகளின் நுரையீரல் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்கவில்லை. அது தடித்தது, விலா எலும்புகளுக்குள் பூட்டப்பட்டது, காற்று நிறைந்திருப்பதால் ஒளியைச் சிதறடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. மூச்சோடு விரிந்து சுருங்குவதோடு பக்கத்திலுள்ள இதயத்தின் துடிப்புக்கும் அசைகிறது.

அசைவு படத்தை எப்படிக் குலைக்கும் என்பதை அறிந்த ஒருவர் பொகவந்தலாவையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 19 ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் இங்கே காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது. அக்கல்லறையைப் பகிர்ந்துகொள்ளும் கணவர் சார்ள்ஸ் ஹே கேமரூன், 1833 இன் கோல்புறூக்–கேமரூன் சீர்திருத்தங்களில் பாதிப் பெயருக்கு உரியவர். ஜூலியா கேமரூன் காலத்து கண்ணாடித் தட்டில் ஒரு முகம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் எவராலும் மூச்சை அடக்கியிருக்க முடியாது. அவருடைய படங்களில் தெரியும் அந்த மெல்லிய கலங்கலில் எதிரே இருந்தவரின் அசைவுக்கும் பங்கு உண்டு. அவர் அதை அழகாக ஏற்றுக்கொண்டார். நுரையீரலை ஆராய்பவர்களுக்கு அது முடியாது. ஒரு கலத்தின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. மூச்சின் அசைவோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

அசைவை வென்ற வழிகள்

இந்தச் சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

முதலாவது, நுரையீரலை விலங்கின் உடலுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த மார்க் லூனியும் சகாக்களும் 2011 இல் ஒரு சிறு கண்ணாடிச் சாளரத்தை மெல்லிய உறிஞ்சு விசையால் சுண்டெலியின் நுரையீரல்மீது ஒட்டிப் பிடித்தார்கள். சாளரத்தின் கீழுள்ள பகுதி மட்டும் அசையாமல் நிற்க, மற்றப் பகுதி வழமைபோல் மூச்சு விட்டது. இந்த முறையைக் கொண்டு 2017 இல் அவர்கள் எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள்: சுண்டெலியின் குருதிச் சிறுதட்டுக்களில் ஏறத்தாழ பாதி நுரையீரலில்தான் உருவாகிறது. மூச்சு விடுவதற்கு மட்டுமே என்று நாம் எண்ணியிருந்த உறுப்பு குருதியின் ஒரு பாகத்தையும் செய்துகொண்டிருந்தது.

இரண்டாவது, கருவின் நுரையீரலைத் தனியே எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்ப்பது. மொட்டு நிலையிலுள்ள சுண்டெலி நுரையீரல் கிண்ணத்தில் வைத்தாலும் சில நாட்களுக்குக் கிளை விட்டுக்கொண்டே போகும்.

மூன்றாவதுதான் சிற்றறை ஆய்வில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது: நுரையீரலைச் சீரான மெல்லிய துண்டுகளாக வெட்டி உயிரோடு வைத்திருப்பது. நுரையீரல் பஞ்சு போன்றது. அப்படியே வெட்டினால் நசுங்கிவிடும். அதனால் இளஞ்சூடான அகரோஸ் கரைசலை மூச்சுக்குழாய் வழியாக உள்ளே நிரப்புகிறார்கள். கடற்பாசி காய்ச்சி இனிப்புச் செய்பவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். சூட்டில் நீராக இருந்தது குளிரில் இறுகிக்கொள்ளும். இறுகிய நுரையீரலை, அதிரும் அலகு கொண்ட கருவியால் 0.3 மில்லிமீற்றர் தடிப்பில் சீவுகிறார்கள். அந்தத் துண்டுகளை 37 பாகை வெப்பத்தில், ஊட்டக் கரைசலில் வைத்தால் கலங்கள் நாட்கணக்கில் உயிர்வாழும்.

கலங்களை இனங்காண ஒளிரும் அடையாளங்கள் தேவை. இழுதுமீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர்ப் புரதம் இதற்கு வழி திறந்தது. அதற்காக ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரொஜர் சியென் ஆகிய மூவருக்கும் 2008 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த தடை ஒளியே. பலமான ஒளி நீண்ட நேரம் பட்டால் உயிருள்ள கலம் நலிந்துபோகும். இதைக் குறைக்க, தாளைப்போல் மெல்லிய ஒளிப்படலத்தைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தி, பார்க்கும் தளத்தை மட்டும் ஒளியூட்டும் ஒளித்தாள் நுணுக்குக்காட்டி 2004 இலிருந்து உயிரியல் ஆய்வில் பரவியது.

சுண்டெலி ஏன்? காரணம் எளியது. சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் நுரையீரல் பைகளின் நிலையிலேயே இருக்கிறது. சிற்றறைகள் பெரும்பாலும் பிறந்த பின் முதல் சில வாரங்களில்தான் உருவாகின்றன. நாள் நிறைந்து பிறந்த சுண்டெலியின் நுரையீரல் குறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தையின் நுரையீரலுக்கு நிகரானது.

திரை விலகியபோது தெரிந்தது

2018 இல் சீனாவின் பெய்ஜிங் நகரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவின் நுரையீரலை முப்பரிமாணத்தில், நேரத்தோடு சேர்த்துப் படம்பிடித்தார்கள். கரு வயிற்றுக்குள் காற்றின்றியே மூச்சு விடும் அசைவைச் செய்கிறது. பனிக்குட நீரை உள்ளிழுக்கிறது. அந்த நீரின் அழுத்தம்தான் சில கலங்களைத் தட்டையாக்கி முதலாம் வகையாக மாற்றுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். அழுத்தத்திலிருந்து ஒதுங்கித் தப்பிய கலங்கள் இரண்டாம் வகையாகின்றன. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து நீர் வற்றினால் சிசுவின் நுரையீரல் ஏன் சிறுத்துப்போகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம் தருகிறது.

2019 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சார்லட் டீன் குழுவினர், மெல்லிய துண்டுகளில் சிற்றறைகள் உருவாவதை நேரடியாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். சுவரில் ஒட்டி நிற்பவை என்று எண்ணப்பட்ட மேலணிக் கலங்கள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தன. அவை கூட்டமாகச் சேர்ந்தன. கூட்டத்தின் நடுவில் வெற்றிடம் உண்டானது. பின்னர் நீண்டு விரிந்தன. கலங்களின் அசைவைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது சிற்றறை உருவாவதும் தடைப்பட்டது. நகர முடியாத கலங்களால் காற்றறையைக் கட்ட முடியவில்லை.

2025 இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஒளித்தாள் முறையைக் கொண்டு இன்னொரு பழைய எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பெரிய பைக்குள் தடுப்புச் சுவர்கள் எழும்பி அதைச் சிறு அறைகளாகப் பிரிக்கின்றன என்பதே பாடப்புத்தக விளக்கம். தசைத்தன்மை கொண்ட கலங்கள் வளையம்போல் நிற்க, மேலணிக் கலங்கள் அந்த வளையத்தினூடாகப் பலூன்போல வெளியே புடைத்துச் சிற்றறையாவதை இவர்கள் கண்டார்கள்.

இந்த முறைகளுக்கு எல்லை உண்டு. கிண்ணத்திலுள்ள துண்டு மூச்சு விடுவதில்லை. அதனூடாகக் குருதி ஓடுவதில்லை. சுண்டெலியில் கண்டதையெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனாலும் ஒன்று உறுதியாகிறது. சிற்றறை உருவாகும் காலம் மிகச் சுறுசுறுப்பான, அதனாலேயே எளிதில் குலையக்கூடிய காலம்.

அவசரமாகப் பிறந்தவர்கள்

குறைமாதக் குழந்தைகளின் கதை இதை நன்கு விளக்கும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கெனடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து 39 மணித்தியாலத்தில் மூச்சுத்திணறி இறந்தான். உலகின் மிகுந்த அதிகாரம் படைத்த வீட்டுப் பிள்ளைக்குக்கூட அன்று மருந்து இருக்கவில்லை. இத்தகைய குழந்தைகளின் நுரையீரலில் சர்பெக்டன்ட் போதாது என்பதை மேரி எலன் எவரியும் ஜெரி மீடும் 1959 இலேயே காட்டியிருந்தார்கள். 1972 இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகிய இருவர், குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்பதை நிறுவினார்கள். 1980 இல் ஜப்பானின் தெத்சுரோ புஜிவாரா பத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் சர்பெக்டன்டை நேரடியாகச் செலுத்திப் பலன் கண்டார்.

இன்று இந்த இரண்டு சிகிச்சைகளும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளன. இவற்றுள் ஸ்டீரொயிட் ஊசி விலை குறைந்தது. ஆனால் அது முழுப் பலன் தர ஏறத்தாழ ஒரு நாள் அவகாசம் வேண்டும். ஆகவே வலி தொடங்கியதும், அல்லது நீர்க்குடம் உடைந்ததும், தாய் எவ்வளவு விரைவில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்கிறாள் என்பதில்தான் அந்தக் குழந்தையின் மூச்சு தங்கியிருக்கிறது. பொகவந்தலாவையின் மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து இரவு நேரத்தில், மழையில், குன்றும் குழியுமான தோட்டப் பாதையால் இறங்கி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு வருவதென்றால் வாகனம் கிடைப்பதே முதற் பிரச்சினை. விஞ்ஞானம் தந்த அந்த ஒரு நாளைப் பாதை தின்றுவிடக்கூடாது.

போர்க்காலத்துக் கருக்கள்

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 2009 இல் மற்ற வன்னி மக்களோடு சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் கையளித்த அறிக்கை, உள்ளே சிக்கியிருந்த மக்களின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டதையும், உணவும் மருந்தும் போதாமற் போனதையும் பதிவு செய்திருக்கிறது. அந்த மாதங்களிலும் பெண்கள் கருவுற்றிருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள்.

பட்டினி கருவின் நுரையீரலை என்ன செய்யும்? இதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் நாசிப் படைகளின் முற்றுகையால் அந்த நாட்டின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் வாடியது. ஒருவருக்கான நாளாந்தப் பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் அம்ஸ்டர்டாமில் கருவில் இருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் பரிசோதித்து, 2000 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் நடுப்பகுதியிலும் பஞ்சத்தை எதிர்கொண்டவர்களிடம் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. அது காற்றுக் குழாய்களின் கிளைகள் போடப்படும் காலத்தோடு ஒத்துப்போகிறது. அதேவேளை, ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் அவர்களுடைய நுரையீரற் கொள்ளளவு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடவில்லை. பாதிப்பு உண்டு, ஆனால் எல்லாமே முடிந்துவிடவில்லை என்பதே இதன் பொருள்.

புகையைப் பற்றி அறிந்தது

விறகுப் புகை கருவை எட்டுமா என்ற கேள்வி ஆபிரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் ஆராயப்பட்டது. கானாவில் கர்ப்பிணிகள் சுவாசித்த காபனோரொட்சைட்டின் அளவை அளந்து, பிறந்த குழந்தைகளின் நுரையீரற் செயற்பாட்டை ஒரு மாத வயதில் சோதித்தார்கள். கூடுதல் புகைக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகளுக்கு மூச்சின் திறன் குறைந்திருந்ததை 2019 இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களோடு இணைந்து பெரிய பரிசோதனை ஒன்றை நடத்தியது. மொத்தம் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு இலவசமாக எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் கொடுக்கப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள்களின் அளவு மற்றவர்களுடையதைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் 2022 இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கடும் நிமோனியாவிலும் வேறுபாடு இல்லை என்று 2024 இல் தெரியவந்தது.

இது சோர்வு தரும் முடிவு; ஆனால் மறைக்கக்கூடாத முடிவு. அடுப்பு கர்ப்பத்தின் 9 ஆம் வாரத்திற்குப் பின்னரே, பலருக்கு அதைவிடவும் பிந்தியே மாற்றப்பட்டது. வெளிக்காற்று, தாயின் உணவு, முன்னைய ஆண்டுகளின் புகை எல்லாமே அப்படியே இருந்தன. அடுப்பை மட்டும் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று எவரும் வாக்களிக்க முடியாது. புகையை நீண்ட காலம் குறைத்தால் வளரும் நுரையீரலுக்கு நன்மை உண்டு என்பதற்கு வேறிடத்தில் சான்று இருக்கிறது. தென் கலிபோர்னியாவில் 2,120 பிள்ளைகளை மூன்று காலப்பகுதிகளில் பின்தொடர்ந்தார்கள். அங்கே காற்று படிப்படியாகத் தூய்மையானது. 15 வயதில் மூச்சுத்திறன் மிகக் குறைவாக இருந்தவர்களின் விகிதம் 7.9 இலிருந்து 3.6 ஆகக் குறைந்தது.

இன்னும் காலம் இருக்கிறது

சிற்றறைகள் இரண்டு, மூன்று வயதோடு முடிந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிரித்தானியாவின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மஞ்சித் நாராயணனும் சகாக்களும் ஹீலியம் வாயுவைச் சுவாசிக்க வைத்து, காந்த அதிர்வுப் பரிசோதனை மூலம், எவரையும் கீறாமலே சிற்றறைகளின் பருமனை அளந்தார்கள். 7 முதல் 21 வயது வரையானவர்களில், நெஞ்சு பெரிதாகிக்கொண்டே போனாலும் சிற்றறையின் பருமன் மிகச் சிறிதளவே கூடியது. அப்படியானால் எண்ணிக்கைதான் கூடியிருக்க வேண்டும். இந்த முடிவு 2012 இல் வெளியானது. குறைமாதத்தில் பிறந்து 10 முதல் 14 வயதை எட்டியவர்களின் சிற்றறைப் பருமன் நிறைமாதப் பிள்ளைகளுடையதை ஒத்திருந்ததை 2013 இல் அதே குழு வெளியிட்டது. பின்தங்கிய நுரையீரல் ஓரளவு எட்டிப் பிடிக்கிறது.

2009 மே மாதத்தில் ஒரு பதுங்குகுழியில் பிறந்த பிள்ளைக்கு 2030 இல்தான் 21 வயது நிறைகிறது. அதனால் இந்தச் செய்தி நமக்கு முக்கியம். அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் கட்டட வேலை முழுதாக ஓய்ந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டத் தேவையில்லை. புகைத்தலைத் தொடாமல் இருப்பதும், நெஞ்சுச் சளியை உரிய நேரத்தில் காட்டுவதும் அவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியமானவை.

வீட்டிலும் தோட்டத்திலும் செய்யக்கூடியவை

கர்ப்பம் தரித்தது தெரிந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். நாள் நிறையுமுன் வலியோ நீர்க்கசிவோ கண்டால் விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் நம் தாய்மாரிடையே உண்டு. அதிலுள்ள நிக்கொட்டின் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைச் சென்றடைகிறது; கர்ப்ப காலத்திலாவது புகையிலையைக் கைவிட வேண்டும். வீட்டிலுள்ள ஆண்கள் அறைக்குள் புகைக்கக்கூடாது.

குறைந்த நிறையோடு பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குழந்தைகளுக்கான சூட்டுப்பெட்டிகள் போதாத ஒரு வைத்தியசாலையில் தொடங்கியது. அதற்குப் பணம் தேவையில்லை. குளிரான மலையகத்தில் இதன் பயன் இரட்டிப்பு. தாய்ப்பாலும் தவறாத தடுப்பூசியும் வளரும் நுரையீரலைத் தொற்றிலிருந்து காக்கின்றன.

விறகை விட்டுவிட முடியாத வீடுகளில், மிலாற்றை நன்றாகக் காயவைத்து எரித்தால் புகை குறையும். சமைக்கும் நேரத்தில் கைக்குழந்தையை அடுத்த அறையிலோ வாசலிலோ ஒருவர் வைத்திருக்கலாம். அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் லயக் காம்பராவுக்குப் புகைபோக்கி வைப்பதும், தனி வீடும் சமையலறையும் கட்டுவதும், வாகனம் வந்துபோகத் தக்க பாதை போடுவதும் ஒரு தாயின் கையில் இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமற் போனபோது, அடுப்பை மாற்றியிருந்த குடும்பங்களும் விறகுக்கே திரும்பின. வீடமைப்பு, பாதை, எரிபொருள் ஆகியவற்றைச் சம்பளப் பேச்சுவார்த்தையின் ஓரத்தில் தள்ளி வைக்கிறோம். அவற்றைப் பிள்ளையின் நுரையீரல் பற்றிய விடயங்களாகவும் கேட்கத் தொழிற்சங்கங்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இப்போது விஞ்ஞானத்தின் துணை இருக்கிறது.

லண்டனிலும் பெய்ஜிங்கிலும் நுணுக்குக்காட்டியின் கீழ் நகர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கலங்கள், பொகவந்தலாவையில் சாத்திய கதவுக்குப் பின்னால் தூங்கும் பிள்ளையின் நெஞ்சிலும் இந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒவ்வோர் இரவும் அந்த நெஞ்சில் புதிய அறைகள் எழும்புகின்றன. அவற்றுக்குள் முதலில் நுழைவது எந்தக் காற்று என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெரியவர்களாகிய நம்முடையது.